செல்போன் அறையில் இரண்டு முதல் ஐந்து வரை

இரண்டு மணிக்கு நான் உள்ளே போய் நாற்காலியில் உட்கார்ந்ததும் வார்டன் மேடம் வெளிக் கிரில்லை இழுத்துப் பூட்டிவிடுவார். பூட்டின பிறகு ஒருதரம் இழுத்துப் பார்ப்பார். "உன் மேல பழி வந்துடக் கூடாதுன்னுதான்மா" என்பார், ஏறக்குறைய தினமும். சாவி அவருடைய கைப்பைக்குள் போகும். ஐந்து மணிக்குத்தான் திறக்கும்.

தஞ்சாவூரில் ஒரு பெண்கள் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தேன். விடுதி வாசலை ஒட்டி இருந்த சின்ன அறை அது. ஒரு மேஜை, ஒரு தரைவழி போன், பார்வையாளர் நோட்டு ஒன்று, ரிப்போர்ட் நோட்டு ஒன்று. சுவர் முழுக்கக் கெட்டித் துணியில் தைத்த தொங்கல்கள். ஒவ்வொன்றிலும் வரிசையாகப் பிளாஸ்டிக் பைகள், பைக்கு மேல் எண். காலையில் வகுப்புக்குப் போகுமுன் விடுதிப் பெண்கள் எல்லாரும் அவரவர் எண்ணில் செல்போனைப் போட்டுவிட வேண்டும். வகுப்பு ஒன்றரைக்கு முடிந்துவிடும். சாப்பாட்டுக்குப் பிறகு ஐந்து மணி வரை படிப்பு நேரம். அதுவரை போன் கிடையாது. அந்தப் போன்களுக்குக் காவல் இருப்பதுதான் என் வேலை.

படிக்கிற பிள்ளைகளுக்கே கல்லூரிக்குள் வேலை கொடுத்து, விடுதிக் கட்டணத்தில் பாதியைக் கழித்துக்கொள்ளும் திட்டம் ஒன்று எங்கள் கல்லூரியில் இருந்தது. நூலகம், ஆய்வகம், அலுவலகம் என்று ஆளுக்கோர் இடம் கொடுப்பார்கள். முதலாண்டு முடிவில் அப்பாவும் நானும் விண்ணப்பம் கொடுக்கப் போனோம். அப்பா வலங்கைமான் பக்கம் குத்தகைக்கு நிலம் பார்க்கிறவர். கீழே எனக்கு ஒரு தங்கை, பதினொன்றாம் வகுப்பு. பாதிக் கட்டணம் என்பது எங்கள் வீட்டில் பெரிய விஷயம்.

பதினான்கு விதிகள் அச்சடித்த தாளை கிளார்க் கொடுத்தார். அப்பா உட்காரவில்லை. நின்றபடியே ஒவ்வொரு வரிக்கும் கீழே விரலை நகர்த்திப் பதினான்கையும் படித்தார். வேலை நேரத்தில் இருக்கையை விட்டு எழக் கூடாது. பரீட்சை இருந்தால் இரண்டு நாள் முன்னால் விடுப்பு எழுதிக் கொடுக்க வேண்டும். பணியிடத்தில் பார்த்ததையும் கேட்டதையும் வெளியே பேசக் கூடாது. ஒப்படைக்கப்பட்ட பொருளை எக்காரணம் கொண்டும் பயன்படுத்தவோ பிறருக்குக் கொடுக்கவோ கூடாது. விதிமீறல் நடந்தால் பணியில் இருக்கும் மாணவியே அன்றைக்கே ரிப்போர்ட் எழுத வேண்டும்.

வருடம் முடியும்வரை விலகக் கூடாது என்ற கடைசி விதிக்கு வந்ததும் அப்பா நிமிர்ந்தார். "நடுவுல விட முடியாதாங்க?"

"முடியாதுங்க. நடுவுல விட்டாலும் நாங்க வேலையிலேந்து எடுத்தாலும் வருஷம் முழுக்க உள்ள சலுகையையும் திருப்பிக் கட்டணும்" என்றார் கிளார்க்.

அப்பா என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன். மூன்று மணி நேரம் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து பாடம் படிக்கலாம், அதற்குக் கட்டணத்திலும் கழிவு என்றால் யார் வேண்டாம் என்பார்கள்? அப்பா கையெழுத்துப் போட்டார். நான் அதற்குக் கீழே போட்டேன்.

பூட்டைப் பற்றி அந்தத் தாளில் எதுவும் இல்லை. அது வார்டன் மேடமே வைத்துக்கொண்ட ஏற்பாடு. முந்தைய வருடம் அந்த நாற்காலியில் இருந்த பெண் பாத்ரூமுக்குப் போன நேரத்தில் இரண்டு போன்கள் காணாமல் போய்விட்டன. அந்தப் பெண் எவ்வளவோ அழுதும் பாதிப் பேர் நம்பவில்லை. அதிலிருந்து பூட்டு. எழுந்து போக வேண்டுமென்றால் தரைவழி போனில் மேடத்தைக் கூப்பிட வேண்டும். அவர் வந்து திறந்து, நான் போய் வரும்வரை வாசலில் நிற்பார். ஒன்றும் சொல்லமாட்டார். ஆனால் அப்படி ஒருவரை நிற்க வைத்துவிட்டுப் போவது எனக்குக் கூசியது. அதனால் மத்தியானம் தண்ணீர் குடிப்பதை விட்டுவிட்டேன். ஆடி, ஆவணி வெயிலில் சோற்றைத் தின்றுவிட்டு இரண்டே மிடறு குடித்துவிட்டுப் போய் உட்காருவேன். நாலு மணி வாக்கில் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டும்.

படிக்கவும் முடியவில்லை. போன்களை அணைத்துவிட்டுப் போட வேண்டும் என்பது விதி. யாரும் அணைப்பதில்லை, அதிர்வில் வைத்துவிட்டுப் போய்விடுவார்கள். அறை முழுக்க எங்காவது ஒரு பை உறுமிக்கொண்டே இருக்கும். பிளாஸ்டிக் வழியாகப் பெயர் வெளிச்சமாகத் தெரியும். பார்க்கக் கூடாது என்று நினைத்தாலும் கண் போய்விடும். யாருக்கு வீட்டிலிருந்து வருகிறது, யாருக்கு வெறும் ஒரு எழுத்தில் பதிந்து வைத்த நம்பரிலிருந்து வருகிறது, யாருக்கு மாதக்கணக்கில் எதுவுமே வருவதில்லை என்பதெல்லாம் ஆவணி முடிவதற்குள் எனக்குத் தெரிந்துவிட்டது. யாரிடமும் சொல்லவும் முடியாது.

டீ குடிக்கும்போது பெண்கள் பக்கத்தில் வந்து உட்காருவார்கள். "ஏய், என்னோடது அடிச்சுதா? ஆமா இல்லைன்னு மட்டும் சொல்லு, போதும்." நான் சிரித்து மழுப்புவேன். இரண்டு முறை கேட்பார்கள், மூன்றாம் முறை முகம் மாறும். "பெரிய ஆபீசரு" என்று என் காதுபடவே ஒருத்தி சொன்னாள். இன்னொரு பக்கம் வார்டன் மேடம் பூட்டைத் திறக்கும்போது, சும்மா கேட்பதுபோல, "ரொம்ப அடிக்கிறது எந்த நம்பரும்மா?" என்பார். "கவனிக்கலீங்க மேடம்" என்பேன். அவரும் நம்பமாட்டார்.

எதுவுமே கேட்காத ஒருத்தி என் அறைத்தோழிதான். திருவாரூர் பக்கத்துப் பெண், வேதக்கோயிலுக்குப் போகிற கிறிஸ்தவக் குடும்பம். வீட்டில் அவளும் அவள் அம்மாவும் மட்டும். அப்பா வளைகுடாவில் கட்டட வேலை. அவளுடைய பை எண் முப்பத்துநாலு. தினமும் மூன்று மணிக்கு அதில் 'அப்பா' என்று வெளிச்சம் வரும், ஒரே ஒரு உறுமல், நின்றுவிடும். முதலில் எனக்குப் புரியவில்லை. ஒருநாள் அவளே சொன்னாள்: "அப்பாவுக்கு அப்பதான் சாப்பாட்டு நேரம். நான் எடுக்க முடியாதுன்னு தெரியும். சாப்பிட்டாச்சுன்னு ஒரு மிஸ்டு கால் குடுப்பாங்க. அஞ்சு மணிக்கு அதப் பாத்தாத்தான் எனக்கு டீ இறங்கும்." அதன் பிறகு மூன்று மணிக்கு அந்தப் பை உறுமும்போது எனக்கே ஒரு நிம்மதி வரும். அந்த அறையில் எனக்குப் பிடித்த சத்தம் அது ஒன்றுதான்.

கார்த்திகை மாதம். ஒரு வாரமாக மழை பெய்துகொண்டிருந்தது. எங்கள் ஊரில் சம்பா நட்டு, பயிர் பச்சை பிடித்து நின்ற நேரம். வடிகால் வாய்க்கால் நிரம்பி, தண்ணீர் வயலுக்குள் எதிர்த்துக்கொண்டு வருகிறது என்று அப்பா முதல்நாள் சாயங்காலம்தான் சொல்லியிருந்தார்.

அன்றைக்கு வார்டன் மேடம் கிரில்லைப் பூட்டிவிட்டு மழைக்கோட்டை மாட்டிக்கொண்டு வண்டியில் போவதைப் பார்த்தேன். மழைக்காகப் பள்ளிக்கூடங்களைச் சீக்கிரம் விட்டிருந்தார்கள். அவருடைய பையன் இரண்டாம் வகுப்பு. கூட்டிவரப் போகிறார் என்று தெரிந்தது. வேலை நேரத்தில் வார்டன் வளாகத்தை விட்டுப் போகக் கூடாது என்பதும் தெரியும். நான் நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டேன்.

இரண்டு நாற்பதுக்கு முப்பத்துநாலாம் பை உறுமியது. 'அப்பா.' ஒரு உறுமலில் நிற்கவில்லை. முழுக்க அடித்து ஓய்ந்தது. உடனே மறுபடி. மறுபடி. நான் எழுந்து நின்றேன். ஐந்தாவது முறை அடித்தபோது வார்டன் மேடத்தின் நம்பருக்குத் தரைவழி போனிலிருந்து கூப்பிட்டேன். அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. மழையில் வண்டி ஓட்டிக்கொண்டிருப்பார். இன்னொருமுறை கூப்பிட்டேன். அதற்குள் பை மூன்று முறை அடித்து ஓய்ந்துவிட்டது. கல்லூரி அலுவலகத்துக்குப் போட்டேன். அங்கேயும் யாரும் எடுக்கவில்லை.

ஒன்பதாவது முறை அடித்தபோது பைக்குள் கையை விட்டுப் போனை எடுத்துவிட்டேன். எடுத்தது மட்டுமல்ல, பச்சையையும் தேய்த்துவிட்டேன்.

"அப்பாடா" என்றது ஒரு ஆண்குரல். அவளுடைய அப்பா இல்லை. "தங்கச்சி, நான் அவரு கூட வேலை செய்யறவன், மன்னார்குடி. பயப்படாதம்மா. அப்பா சாரத்துலேந்து விழுந்துட்டாங்க. உசுருக்கு ஒண்ணும் இல்ல. இடுப்புல அடி. ஆபரேஷனுக்குக் கூட்டிட்டுப் போகப் போறாங்க. உன் குரலைக் கேக்காம உள்ள போகமாட்டேங்குறாரு. அம்மாகிட்ட பேசியாச்சு. இந்தா, குடுக்கட்டுமா?"

"அண்ணே, நான் அவ இல்லீங்க, அவ ஃபிரண்டு. கட் பண்ணிடாதீங்க, ஒரே நிமிஷம், இதோ கூப்பிடறேன்."

சொல்லிவிட்டேன். எப்படிக் கூப்பிடுவது? கிரில் பூட்டிக் கிடக்கிறது. படிப்புக் கூடம் விடுதியின் பின்கோடியில். தகரக் கூரையில் மழைச் சத்தம். கிரில்லைப் பிடித்துக்கொண்டு கத்தினேன். அவள் பெயரைக் கத்தினேன், விடுதி ஆயாம்மாவைக் கூப்பிட்டுக் கத்தினேன், யாராச்சும் வாங்க என்று கத்தினேன். கையில் இருந்த போனிலிருந்து அந்த அண்ணன், "தங்கச்சி, தங்கச்சி, ஸ்ட்ரெச்சர் வந்துருச்சு" என்கிறார். சமையல்கட்டில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த ஆயாம்மாவுக்கு எப்படியோ கேட்டு, என்னவோ ஏதோ என்று ஓடிவந்தார். விஷயத்தை அரைகுறையாகச் சொன்னேன். அவர் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஓடினார்.

தோழி வந்தாள். செருப்பில்லாமல், முழங்கால் வரை நனைந்து, பேனா மூடியைப் பல்லில் கடித்தபடியே. நான் கம்பிகளுக்கு நடுவே போனை நீட்டினேன். அவள் அதைக் காதில் வைத்துக்கொண்டு கம்பியில் நெற்றியை முட்டிக்கொண்டாள்.

"அப்பா, சாப்பிட்டீங்களா?" என்றாள்.

அதுதான் முதலில் வந்தது. பிறகு அந்தப் பக்கம் ஏதோ சொல்ல, "ஓ, சாப்பிடக் கூடாதுன்னுட்டாங்களா... சரிப்பா... இல்லப்பா, அழல... மழைப்பா இங்க, அந்தச் சத்தம்... நீங்க போய்ட்டு வாங்க, நான் இங்கயே நிக்கிறேன்" என்றாள். ஒரு நிமிடம்கூட இருக்காது. அழைப்பு முடிந்த பிறகும் போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை.

வார்டன் மேடம் அப்போதுதான் வந்தார். முன்னால் பையன், ஈரப் புத்தகப் பையோடு. மேடம் முதலில் பார்த்தது தோழியின் கையில் இருந்த போனை. பிறகு பூட்டை. பிறகு என்னை. நாங்கள் இருவரும் ஒரே நேரத்தில் சொன்னோம். கேட்டுவிட்டு அவர் தோழியை அணைத்துக்கொண்டார், அதைச் சொல்லியாக வேண்டும். தன் துப்பட்டாவாலேயே அவள் தலையைத் துவட்டி, ஆயாம்மாவோடு அறைக்கு அனுப்பினார். போனை மட்டும் வாங்கி வைத்துக்கொண்டார்.

அதற்குப் பிறகு பூட்டைத் திறந்து உள்ளே வந்து எனக்கு எதிரே உட்கார்ந்தார். பையன் வாசல்படியில் மழையைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"ரிப்போர்ட் எழுதணும்" என்றார்.

"சரிங்க மேடம்."

"என்னன்னு எழுதுவ?"

நடந்ததைத்தான் எழுதுவேன் என்றேன். அவர் நோட்டை என் பக்கம் நகர்த்தினார். "நீயே எடுத்தன்னு எழுதினா ஒப்படைச்ச பொருள்ல கைவச்சதா ஆகும். இன்னைக்கே உன்னை வேலையிலேந்து எடுத்துருவாங்க. சலுகை பூராவும் திருப்பிக் கட்டணும். உங்க அப்பா என்ன செய்வாரு? அவ கேட்டு வாங்கினான்னு எழுதினா, அவளுக்கு ரெண்டு வாரம் போன் இருக்காது. அவ்வளவுதான். எது பெருசுன்னு நீயே யோசி."

"அவங்க அப்பாவுக்கு ஆபரேஷன், மேடம்."

"தகவல் எல்லாம் என் நம்பருக்கு வரச் சொல்றேன். அவங்க அம்மாகிட்ட நானே பேசறேன். அவ எப்ப வேணா என்கிட்ட வந்து கேக்கட்டும்." பிறகு குரலைத் தாழ்த்தினார். "பூட்டு விஷயம் எழுத வேணாம். எனக்கும் வேற இடம் கிடையாதும்மா."

அவர் சொல்லச் சொல்ல எழுதினேன். 'பிற்பகல் இரண்டு ஐம்பது மணியளவில் மேற்படி மாணவி பணியில் இருந்த என்னை வற்புறுத்தித் தன் செல்போனைப் பெற்றுப் பேசினார்.' கீழே கையெழுத்து, தேதி, நேரம். நன்றாகவே எழுதினேன்.

ஐந்து மணிக்கு என் போனை எடுத்துக்கொண்டு அப்பாவைக் கூப்பிட்டேன். எல்லாவற்றையும் சொல்லிவிடலாம், அவர் என்ன சொல்கிறாரோ அதன்படி செய்யலாம் என்றுதான் கூப்பிட்டேன். அவர் வரப்பில் நின்றுகொண்டிருந்தார். தண்ணீர் இரையும் சத்தமும் ஆட்கள் கத்தும் சத்தமும் கேட்டது. "பயிரு தலை தெரியல புள்ள. வடிச்சுப் பாக்குறோம், எதிர்த்துக்கிட்டு வருது. நீ அங்க பத்திரமா இருக்கல்ல? அது ஒண்ணுதான் இப்ப நிம்மதி" என்றார். இருக்கிறேன் என்று சொல்லி வைத்துவிட்டேன்.

தோழிக்கு ரிப்போர்ட் பற்றி எதுவும் தெரியாது. போனை எடுத்து வைத்துக்கொண்டது விதிப்படி நடந்தது என்றே நினைத்தாள். "உன்னை ஒண்ணும் சொல்லலியே?" என்றுதான் முதலில் கேட்டாள். ஆபரேஷன் நன்றாக முடிந்தது என்று அன்று ராத்திரியே அவள் அம்மா வார்டனிடம் சொல்லிவிட்டார். ஆனால் அவளுக்கு அப்பாவின் குரல் வேண்டும். அதனால் மறுநாளிலிருந்து ஐந்து மணிக்கு நான் பூட்டிலிருந்து வெளியே வந்ததும் என் போனைக் கேட்டு வாங்கிக்கொள்வாள். கட்டிலில் என் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டே பேசுவாள். பேசி முடித்ததும் திரையைத் தாவணி முனையால் துடைத்துத் திருப்பிக் கொடுப்பாள். "நீ மட்டும் இல்லைன்னா என்ன பண்ணியிருப்பேன்டி" என்பாள். ஒருநாள் என் பாவாடை, தாவணியெல்லாம் சேர்த்துத் துவைத்துப் போட்டிருந்தாள்.

அந்த நாட்களில் பூட்டிய அறைதான் எனக்குச் சௌகரியமாக இருந்தது. அங்கே அவள் முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை. சொல்லிவிடலாம் என்று தினமும் நினைத்தேன். சொன்னால் அவள் பிரின்சிபாலிடம் போவாள், போக வேண்டியதுதான் நியாயம், போனால் நான் வெளியே. வெளியே போனால் அப்பா வரப்பில் நின்றுகொண்டு இன்னொரு செய்தியைக் கேட்க வேண்டும். சொல்லாவிட்டால் நாளைக்கும் அவள் வந்து பக்கத்தில் உட்காருவாள். எந்தப் பக்கம் திரும்பினாலும் இடம் இல்லை.

ஐந்தாம் நாள் அவளை வார்டன் அறைக்குக் கூப்பிட்டார்கள். ரிப்போர்ட்டில் பெயர் வந்த மாணவியும் படித்துக் கையெழுத்துப் போட வேண்டும் என்பது நடைமுறையாம். எனக்கு அது தெரியாது. மேடத்துக்குத் தெரிந்திருக்கும், சொல்லவில்லை.

நான் ஐந்து மணிக்கு அறைக்குப் போனபோது அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை. அன்று அவள் போனைக் கேட்கவில்லை என்பதால் நானாக நீட்டினேன்.

"வேணாம்" என்றாள். இன்னொரு துணியை மடித்து வைத்துவிட்டு, "உனக்குக் கையெழுத்து அழகா இருக்குடி. ஒரு அடித்தல் திருத்தல்கூட இல்ல" என்றாள்.

"நான் சொல்றதைக் கேளு..."

"போட்டுட்டு வந்துட்டேன்."

"எதை?"

"கையெழுத்து. நான் வற்புறுத்தினேன்னு ஒத்துக்கிட்டேன். இல்லைன்னா உன்னை எடுத்துருவாங்கன்னு மேடம் சொன்னாங்க."

அவ்வளவுதான் பேசினாள். மடித்த துணிகளில் என்னுடையதும் இரண்டு இருந்தது. அவற்றை எடுத்து என் கட்டில்மேல் வைத்தாள்.

மறுநாள் காலை முதல் மணிக்கு முன்னால் பிரின்சிபால் அறை வாசலில் போய் நின்றேன். அவளுக்குத் தெரிவதற்கு முன்பே போகத்தான் நினைத்திருந்தேன் என்று பிற்பாடு சிலரிடம் சொல்லியிருக்கிறேன். அது உண்மை இல்லை. அவள் போட்ட கையெழுத்துதான் என்னைத் தள்ளியது.

பிரின்சிபால் மேடம் நான் சொன்னதை முழுக்கக் கேட்டார். நோட்டை வரவழைத்துப் படித்தார்.

"கிரில் பூட்டியிருந்துதா?"

அதற்குப் பதில் சொன்னால் வார்டன் மேடம் மாட்டுவார். "ஆமாங்க மேடம்" என்றேன்.

"வார்டன் எங்க போயிருந்தாங்க?"

வாசல்படியில் ஈரப் பையோடு நின்ற பையன் ஞாபகத்துக்கு வந்தான். "தெரியாதுங்க மேடம்" என்றேன். உண்மையைச் சொல்லப் போன இடத்திலும் அதை முழுசாகச் சொல்ல முடியவில்லை.

அவர் பேனா மூடியைக் கழற்றினார். என்னை எடுத்துவிடுவார் என்று நிச்சயமாக நினைத்தேன். சொல்லப்போனால் எடுத்துவிட்டால் தேவலை என்றிருந்தது. அப்பாவிடம் எப்படிச் சொல்வது என்று வார்த்தைகூட அடுக்கி வைத்திருந்தேன்.

"போனை எடுத்தது தப்பா சரியான்னு நான் இப்ப சொல்லப் போறதில்ல. பொய் எழுதினது தப்பு" என்றார். "ஆனா வருஷ நடுவுல அந்த இடத்துக்கு நான் யாரைப் போட? ஏப்ரல் வரைக்கும் ஒப்பந்தம் இருக்கு. போய் வேலையைப் பாரு."

சிவப்பு மையில் ரிப்போர்ட்டுக்குக் குறுக்கே ஒரு கோடு இழுத்தார். அன்று மாலையே தோழியின் போன் திரும்பக் கிடைத்தது. கிரில்லைப் பூட்டுவது நின்றது, தாழ்ப்பாள் மட்டும். அடுத்த வாரம் விதித்தாளில் பதினைந்தாவதாக ஒன்று சேர்ந்தது: அவசர அழைப்பு என்று தெரிந்தால் பணியில் உள்ள மாணவி உடனே அலுவலகத்துக்குத் தெரிவித்து, அங்கிருந்து ஒருவர் வந்த பிறகு போனைக் கொடுக்கலாம். அன்றைக்கு அலுவலகத்தில் போனை எடுக்க ஆளே இல்லை என்று நான் சொல்லியும், விதி அப்படித்தான் அச்சாகி வந்தது.

வார்டன் மேடத்தைக் கூப்பிட்டு என்ன பேசினார்கள் என்று தெரியாது. வேலை போகவில்லை. ஆனால் அதன் பிறகு அவர் என்னை "ம்மா" போட்டுக் கூப்பிடவில்லை. "நோட்டு", "போன்", "மணி அஞ்சு" என்று ஒற்றைச் சொல்லில்தான் பேச்சு. பையனையும் அந்தப் பக்கம் கூட்டிவருவதில்லை. தாழ்ப்பாள்தான் போட்டிருக்கிறது, கையை விட்டுத் திறந்தால் திறந்துவிடும். ஆனாலும் நான் அந்த வருடம் முழுக்க நாற்காலியை விட்டு எழவில்லை. மத்தியானம் தண்ணீர் குடிக்காத பழக்கமும் போகவில்லை.

எங்கள் வயலில் பாதிப் பயிர் அழுகிவிட்டது. மீதியைக் காப்பாற்றினார் அப்பா. நான் நடந்ததை அவரிடம் சொன்னது பொங்கலுக்குப் போனபோதுதான். கேட்டுவிட்டு, "என்னால எழுதினியா?" என்றார். பிறகு அவர் எழுந்து மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டார்.

பொங்கல் முடிந்து திரும்பியபோது தோழி வேறு அறைக்கு மாறியிருந்தாள். சண்டை ஒன்றும் இல்லை. எதிரே வந்தால் சிரிப்பாள். பரீட்சைக்கு நோட்டு கேட்டால் கொடுப்பாள். மூன்று மணிக்கு முப்பத்துநாலாம் பை எப்போதும்போல ஒருமுறை உறுமி நிற்கும்.

மாசி மாதம் ஒரு சனிக்கிழமை. விடுதி வாசலில் ஆட்டோ வந்து நின்றது. நடுவயதுக்காரர் ஒருவர் ஊன்றுகோலைத் தரையில் ஊன்றி, கவனமாக இறங்கினார். முகத்தைப் பார்த்ததுமே யார் என்று தெரிந்துவிட்டது. அதே நெற்றி, அதே புருவம். பார்வையாளர் நோட்டை அவர் பக்கம் திருப்பினேன். ஒரு கையில் கோல் இருந்ததால், "நீயே எழுதிக்கம்மா" என்றார். யாரைப் பார்க்க, என்ன உறவு, எத்தனை மணி என்று கேட்டு எழுதினேன். 'தந்தை' என்று எழுதும்போது அவர் குனிந்து என்னைப் பார்த்தார்.

"நீதானேம்மா அன்னைக்குப் போனை எடுத்த புள்ள?"

"ஆமாங்கப்பா."

"பாப்பா சொன்னுச்சு. கம்பிக்குள்ளேந்து கத்தி, ஆளைக் கூப்பிட்டு, போனைக் குடுத்தியாமே. ஊசி போடறதுக்கு முன்னாடி அது குரலைக் கேட்டுட்டுதான்மா உள்ள போனேன். எந்திரிப்போமோ மாட்டோமோன்னு இருந்துச்சு." அவர் கண் கலங்கியது. "மவராசியா இருப்ப."

அவள் அவரிடம் அந்தப் பாதியை மட்டும்தான் சொல்லியிருக்கிறாள் என்று புரிந்தது. மீதியை நானே சொல்லிவிடலாமா என்று வாய்வரை வந்தது. யாருக்காகச் சொல்வது? அவருக்கு அதில் ஒன்றும் இல்லை. எனக்குத்தான் பாரம் குறையும். நோட்டில் மணியை எழுதி முடித்தேன்.

ஆயாம்மா போய்ச் சொல்ல, தோழி ஓடிவந்தாள். அப்பாவைப் பார்த்ததும் நின்று, கோலைப் பார்த்து, அவர் தோளை மெதுவாகத் தொட்டாள். அவர் என்னைக் காட்டி, "இந்தப் புள்ளைக்கு நன்றி சொன்னியாடி?" என்றார்.

அவள் என்னைப் பார்த்தாள். பொங்கலுக்குப் பிறகு அவ்வளவு நேரம் அவள் என்னைப் பார்த்தது அப்போதுதான்.

"அதெல்லாம் அப்பவே சொல்லியாச்சுப்பா" என்றாள்.

இருவரும் வேப்பமரத்தடிச் சிமென்ட் பெஞ்சுக்குப் போனார்கள். அவர் பையிலிருந்து என்னென்னவோ எடுத்துக் கொடுப்பதும், அவள் வேண்டாம் வேண்டாம் என்பதும் கிரில் வழியாகத் தெரிந்தது. பார்வையாளருக்கு அரைமணி நேரம்தான். அது முடிந்ததும் பணியில் உள்ள மாணவி மணி அடிக்க வேண்டும். அரைமணி ஆயிற்று. மேஜைமேல் இருந்த மணியை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு இன்னும் ஐந்து நிமிடம் பார்த்துக்கொண்டிருந்தேன். அதற்கு மேல் துணிச்சல் வரவில்லை. அடித்தேன். அவர் உடனே, மறுபேச்சில்லாமல், கோலைப் பிடித்துக்கொண்டு எழுந்துவிட்டார்.